பதினொரு நிமிடம்

பிப்ரவரியில் என் புல்தரை
வைக்கோல் நிறத்தில் தூங்கும்.
பெர்முடா புல் அப்படித்தான்.
முதல் உறைபனி தொட்டதும் படுத்துவிடும்,
ஏப்ரல் வரை எழுப்ப முடியாது.

அலபாமாவில், ஓபிலைக்காவில், எங்கள் தெருவில்
வரிசையாக எல்லா வீட்டு முன்னும் அதே வைக்கோல்.
என் வீட்டு முன் மட்டும்
பச்சையாக ஒரு கோடு.
தபால் பெட்டியருகே தொடங்கி
டாக்வுட் மரத்தடியில் வளைந்து
இரண்டு சுற்றுச் சுற்றி
ஓரிடத்தில் குட்டைபோல் தேங்கி நிற்கிறது.
குடித்தவன் போட்ட கையெழுத்து மாதிரி.

ஹார்லன் ஸ்டப்ஸ் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தார்.
மருந்து தூவும் வண்டி அவருடையது,
செப்டம்பரில் நான் இரவல் வாங்கியது.
"அடைப்பு ஏதாவது இருந்திருக்குமோ, ரொவீனா?"
வண்டிமேல் பழி போட மனம் வரவில்லை.
தெரியவில்லை என்றேன்.
தெரியும்.

செப்டம்பரில் எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.
மண்ணில் விரலாழம் வெப்பமானி செருகி
மூன்று காலை பார்த்தேன்:
எழுபது டிகிரிக்கு இறங்கியிருந்தது.
குளிர்காலக் களை கண் விழிக்கும் சூடு அது.
விழிக்கும் முன் மருந்து விழ வேண்டும்.
முளைத்தபின் அந்த மருந்தும் சும்மா, மணலும் சும்மா.

மூன்றாவது வரிசையில் ஃபோன் அடித்தது.
ட்ரூவெட்.
ஆறு வருடத்துக்குப் பிறகு
தம்பியின் பெயர் திரையில்.

இடது கை தானாகவே வண்டியின் வாயை மூடியது.
(குருணை ஒவ்வொன்றும் காசு.)
கால்கள் நிற்கவில்லை.
அவனோடு பேசும்போது
ஓரிடத்தில் நிற்க எனக்கு என்றைக்கும் வந்ததில்லை.
வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

அப்பாவின் படகை விற்றுவிட்டானாம்.
பாதிப் பணம் எனக்காம்.
விலையைச் சொன்னான்.
அங்கேதான் நின்றேன், அந்தக் குட்டை இருக்கும் இடத்தில்.
"வேண்டாம், நீயே வைத்துக்கொள்" என்றேன்.
அதோடு விட்டிருக்கலாம்.
இன்னொன்றும் சொன்னேன்.

பதினொரு நிமிடம் என்று காட்டியது ஃபோன்.
பையில் போட்டுக்கொண்டு
புது வரிசையில் தொடங்கினேன், திரும்பிப் பார்க்காமல்.

மருந்து விழுந்த இடத்தில் விதை வாய் திறக்கவில்லை.
விழாத இடத்தில்
ஒன்று விடாமல் திறந்திருக்கிறது.

நேற்றிரவு நல்ல மழை.
களை பிடுங்க ஈர மண்தான் தோது.
காலையில் மண்டியிட்டேன்.
சதுரத் தண்டும் ஊதாப் பூவுமாக ஹென்பிட்,
ஒரே இழுப்பில் வேரோடு வந்தது.
சிக்வீட் அப்படி வராது, நூல் நூலாக அறும்,
நடுக்குருத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.
போவா இப்போதே வெள்ளைக் கதிர் விட்டிருக்கிறது,
உலுக்காமல் பையில் போட வேண்டும்.

நான் நின்ற இடத்தில் மட்டும் வேறொன்று.
கேரட் இலை போல, பஞ்சு போல,
தரையோடு தரையாக.
பர்வீட்.
இன்று கன்னத்தில் வைத்தாலும் உறுத்தாது.
ஏப்ரல் முடிவில் காய் முற்றி முள்ளாகும்.
ஹார்லனின் பேரன்கள்
மே மாதம் முழுக்க வெறுங்காலில் ஓடுபவர்கள்.

எனவே எதையும் விட்டுவைக்கவில்லை.
ஞாபகத்துக்கென்று ஒரு கொத்துக்கூட.
இரண்டு பை நிறைந்தது.

நகக்கண்ணில் மண்ணோடு
ஃபோனை எடுத்தேன்.
நான்காவது மணியில் எடுத்தான்.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
மூச்சு மட்டும் விட்டோம்.

"என்ன பண்ணிக்கிட்டிருக்கே?"
"களை பிடுங்குறேன்."
"பிப்ரவரியிலயா? செப்டம்பர்லயே
மருந்து போட்டிருக்கணும்."

"போட்டேன்டா," என்றேன்.
"நீ கூப்பிட்டே."